லூர்து அக்காவுக்குப் பன்னிரண்டு இருக்கை

"இன்னும் எப்படித்தான் மேடம் காட்டச் சொல்றீங்க?"

தாமோதரன் சார் கத்தினது வராந்தா வரைக்கும் கேட்டுச்சு.

பார்கவி மேடம் தலை நிமிரல. "வேற மாதிரி காட்டுங்க சார்."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

"ஆமா."

கூத்தைப் பாருங்க. படிக்கிற தாமோதரன் சாருக்கு நாப்பத்திரண்டு வயசு. ஃபர்னிச்சர் கம்பெனியில படம் வரையிற வேலை. சம்பளமில்லாத லீவு போட்டுட்டு டிசைன் காலேஜ்ல சேர்ந்தவர். சொல்லிக் குடுக்கிற பார்கவி மேடத்துக்கு முப்பதுதான் ஆகுது. இவங்க அவரை சார்னு கூப்பிடுவாங்க, அவர் இவங்களை மேடம்னு கூப்பிடுவார். நடுவுல ஸ்டுடியோ அட்டெண்டர் சபாபதி, அதாவது நான். இவங்க ஞானத்துக்கெல்லாம் விளக்குமாறு பிடிக்கிறவன்.

விஷயம் சின்னது. மீன் மார்க்கெட்ல மீன் வெட்டிக் குடுக்கிற பொம்பளைங்க நாள் முழுக்கத் தரையில உட்கார்றாங்க. முட்டி போயிடுது. அவங்களுக்கு ஒரு இருக்கை யோசிக்கணும். செஞ்சு காட்டவேண்டாம், படமா வரைஞ்சு காட்டினாப் போதும்.

மூணு தடவை காட்டலாம். மூணாவதுக்கு மார்க் போட வெளியிலருந்து ஜூரி வருவார். அதுலயும் தேறலைன்னா வருஷம் போச்சு. லீவு ஏப்ரலோட முடியுது. அதுக்கு மேல ஒரு நாள் கூடத் தர முடியாதுன்னு கம்பெனியில சொல்லிட்டாங்க.

முதல் தடவை, தெர்மாக்கோல் ஐஸ் பெட்டி.

மூடியைத் திறந்தா ட்ரை ஐஸ்லருந்து குபுகுபுன்னு புகை. உள்ள படங்க. மேடம் புகை அடங்கற வரைக்கும் காத்திருந்தாங்க. அடங்கினதும் மணியைப் பார்த்தாங்க.

"உங்க நேரம் முடிஞ்சுது சார். வேற மாதிரி காட்டுங்க."

ரெண்டாவது தடவை, மீன் வலை.

கூரையிலருந்து தொங்கவிட்டு, படங்களை க்ளிப்புல மாட்டி, நீல லைட்டு போட்டு, ஸ்பீக்கர்ல அலை சத்தம். ஏணியில ஏறிக் கட்டினது யாரு? நான்தான். மேடம் வந்தாங்க. ஸ்பீக்கரை அணைச்சாங்க. ஒரு படத்தை எடுக்கக் கையை நீட்டினாங்க. வளையல் வலையில மாட்டிக்கிச்சு. அதை விடுவிக்கவே கால் மணி நேரம்.

"வேற மாதிரி காட்டுங்க சார்."

அதுக்குத்தான் இந்தக் கத்தல்.

"என்ன தப்புன்னு சொல்லித் தொலைங்களேன் மேடம்! எனக்கு மண்டை காயுது."

மேடம் பேனாவை வெச்சாங்க. "லூர்து அக்காகிட்ட காட்டிட்டீங்களா?"

லூர்து அக்கா மார்க்கெட்ல மீன் வெட்டுறவங்க. அவங்க உட்கார்றதைப் பார்த்துத்தான் சார் வேலையையே ஆரம்பிச்சார்.

"படம் முழுசா ரெடியாகட்டும்னு இருந்தேன்."

"காட்டிட்டு வாங்க."

"காட்டுறேன். பிரமாதமா காட்டுறேன், பாருங்க!"

நாலு நாள் ஆளையே காணோம். அஞ்சாம் நாள் வந்து இறங்கினார். கையில கல்யாண ஆல்பம்.

ஆமாங்க, கல்யாண ஆல்பமேதான். ஃபோட்டோ ஸ்டுடியோக்காரன்கிட்ட குடுத்து, பன்னிரண்டு படத்தையும் லேமினேட் பண்ணி, பஞ்சு வெச்ச அட்டை போட்டு, வெல்வெட் பெட்டியில வெச்சுக் கொண்டுவந்துட்டார். "மார்க்கெட்ல ஈரமா இருக்கும் சபாபதி. தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது."

அந்தப் பாறாங்கல்லைத் தூக்கிக்கிட்டு மார்க்கெட்டுக்குள்ள நடந்தது என் தலையெழுத்து.

லூர்து அக்கா நிமிர்ந்து பார்த்தாங்க. "என்னா சார், பொண்ணுக்கு கல்யாணமா?"

"இல்லக்கா. எல்லாம் உங்களுக்கு. பாருங்க."

அக்கா கையைக் கழுவினாங்க. புடவையில துடைச்சாங்க. அப்பவும் ஆல்பத்தைத் தொடல. நான் பக்கம் பக்கமா திருப்பினேன்.

"நல்லாக்குது சார்."

அடுத்தது.

"இதுவும் நல்லாக்குது."

பன்னிரண்டும் நல்லாத்தான் இருந்துச்சு.

சார் பறந்துக்கிட்டே காலேஜுக்கு வந்தார். "மேடம், அவங்களுக்கு எல்லாமே பிடிச்சிருக்கு!"

"பன்னிரண்டுமா?"

"பன்னிரண்டும்."

மேடம் ஆல்பத்தை மூடி அவர்கிட்டயே நீட்டினாங்க.

"அப்ப எதைச் செய்யப் போறீங்க?"

சார் ஆல்பத்தை என் மேல போட்டுட்டு விறுவிறுன்னு வெளியே போனார். முகம் போன போக்கு சரியில்ல. நானும் பின்னாலயே ஓடினேன். மறுநாள் ஜூரி.

மார்க்கெட்ல லூர்து அக்கா முன்னாடி ஏகக் கூட்டம். ஆளுயர வஞ்சிரம் ஒண்ணை வெட்டிக்கிட்டிருந்தாங்க. சார் அந்தச் சேத்துலயே குத்தவெச்சு உட்கார்ந்தார்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்கு எதுதான் வேணும்?"

"எல்லாம் நல்லாத்தான சார் இருந்துச்சு?"

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்கக்கா!"

மீன் மடிக்கிற செய்தித்தாள் ஒண்ணை உருவினார். பால்பாயின்ட் பேனாவுல கிறுக்கினார். அவ்வளவு அவசரம். ஸ்டூலா முக்காலியான்னே தெரியாத மாதிரி நாலு கோடு.

"இதுல உட்காருவீங்களா, மாட்டீங்களா?"

அக்கா எட்டிப் பார்த்தாங்க. வந்துச்சே ஒரு கோபம்!

"யோவ், இம்மா ஒசரத்துல குந்திக்கினா கால எங்கய்யா வெக்கிறது?"

"காலா?"

"அருவாமணைய எதால அமுத்துறேன்? மூஞ்சாலயா?"

"அதை ஸ்க்ரூ போட்டுக் கட்டையோட..."

"ஸ்க்ரூவா? பெரிய மீனுக்கு மணைய சாய்க்கணும். நெத்திலிக்கு நிமுத்தணும். கால் பேசும்யா அதுகூட. உன் ஸ்க்ரூ பேசுமா?"

சார் அப்பத்தான் அந்தக் காலைப் பார்த்தார். ரெண்டு மாசமா அளவு எடுத்தவர். முட்டியை அளந்தார், இடுப்பை அளந்தார். பன்னிரண்டு படத்துலயும் அந்தக் கால் சும்மா அந்தரத்துல தொங்கிக்கிட்டிருந்துச்சு.

"அன்னிக்கே ஏன்க்கா சொல்லல?"

"கல்யாண ஆல்பத்துல போய் எவ சார் குத்தம் சொல்லுவா? நீ வேற அம்மாம் ஆசையா நின்னுக்கினு இருந்த."

அக்கா மீனைத் தள்ளி வெச்சாங்க. "குடு இங்க."

ரத்தம் படிஞ்ச விரலால பேப்பர் மேலயே ஒரு கோடு இழுத்தாங்க. "அர அடி ஒசரம் போதும். சோத்தாங்கைப் பக்கம் வெட்டி வுடு. கால் எறங்கட்டும்." சார் அது மேல வரைஞ்சு, ஓரத்துல 'பெரிய மீனுக்கு மணை சாயணும், சின்ன மீனுக்கு நிமிரணும்'னு எழுதினார். அக்கா அதை அடிச்சு வேற இழுத்தாங்க. பக்கத்துக் கடை அம்மா வந்து, "முதுகுக்கு ஒண்ணும் இல்லியா?"ன்னு அவங்க பங்குக்கு ஒண்ணு இழுத்தாங்க. வஞ்சிரம் வாங்க வந்தவர் தொண்டை கிழியக் கத்தினார். ஒருத்தரும் கண்டுக்கல.

மறுநாள் ஜூரி வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, பளபளன்னு ஷூ. சார் அந்தச் செய்தித்தாளை மேஜையில விரிச்சார். ரூம் பூரா மீன் வாடை. நான் ஜன்னலைத் திறக்க ஓடினேன்.

"இது என்ன, பொட்டலமா?"

"என் படம் சார்."

ஜூரி மூக்கைப் பொத்திக்கிட்டுக் குனிஞ்சார். அப்படித் திருப்பினார், இப்படித் திருப்பினார். நீலக் கோடு, பழுப்புக் கோடு, அடிச்சது, அடிச்சது மேல அடிச்சது. எப்பவோ மூக்கிலருந்து கையை எடுத்துட்டார், அவருக்கே தெரியல.

"இதுல எது நீங்க வரைஞ்சது?"

"தப்பா இருக்கிற கோடெல்லாம் என்னுது சார்."

ஜூரி பார்கவி மேடத்தைப் பார்த்தார்.

"தேறிட்டார்னு போட்டுடுங்க மேடம்." மார்க் ஷீட்டை அவங்க பக்கம் தள்ளினார்.

அப்புறம் ஷூவைக் கழட்டினார். நான் பெருக்காத தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்து, இல்லாத அருவாமணையை அமுத்துற மாதிரி வலது காலை மெல்ல நீட்டினார்.

"பெரிய மீனா, சின்ன மீனா?"