குரங்கு வைத்தியரின் கைராசி

ஒரு காட்டில் ஒரு தாய்மானுக்கு அநியாயம் நடந்தது, பிள்ளைகளே. பலிக்காமல் போனது மருந்து. பழி விழுந்ததோ அவளுடைய குளம்பின்மேல்.

அவள் குட்டிக்குக் கால் வீங்கியிருந்தது. மற்றக் குட்டிகள் ஓடைக்கரையில் துள்ளும்போது, அது படுத்தபடியே காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பும். ஒரே ஒரு துள்ளல், அதைக் கண்ணால் பார்த்தால் போதும் என்று ஏங்கிக் கிடந்தாள் தாய்.

அந்தக் காட்டில் பெருமைக்காரக் குரங்கு வைத்தியர் ஒருவர் இருந்தார். முயலின் வீங்கிய காலில் ஏதோ ஒரு கொடியிலையை அவர் அரைத்துப் போட, முயல் எழுந்து ஓடிவிட்டதாம். அந்தக் கதையை மரத்துக்கு மரம் தாவிச் சொல்லிவந்தார். மானும் அதே இலையை மிதித்துக் கூழாக்கிக் குட்டிக்குப் போட்டாள். வீக்கம் வற்றவில்லை.

"குளம்பால் மிதித்தால் எப்படியம்மா பலிக்கும்? கைராசி வேண்டாமா?" என்றார் வைத்தியர்.

"ராசி உங்களோடு இருக்கட்டும் அண்ணே. மருந்து என்றால் யார் போட்டாலும் கேட்க வேண்டாமா? இலை தளிரா, முற்றலா? பச்சையா, காய்ந்ததா? ஒன்றுமே நீங்கள் சொல்லவில்லையே."

"அதையெல்லாம் யார் கவனித்தது? முயல் ஓடியதைக் காடே பார்த்தது."

"வேறு யாருக்காவது போட்டீர்களா?"

வைத்தியர் வாலைச் சொறிந்துகொண்டார்.

மான் விடவில்லை. தண்ணீர் குடிக்க வந்தவர்களிடமெல்லாம் விசாரித்தாள்.

"என் பிள்ளைக்கும் கேட்கவில்லை அக்கா," என்றாள் முள்ளம்பன்றி. "என் கைதான் விளங்காதது என்று வாயை மூடிக்கொண்டேன்."

"அட, நானும்தான்," என்றாள் காட்டுப்பன்றி. "சொன்னால் சிரிப்பீர்களே."

மான் அவர்களைக் கூட்டிக்கொண்டு வைத்தியரின் மரத்தடிக்குப் போனாள்.

"அண்ணே, உங்கள் ராசியான கையாலேயே எங்கள் கண்முன் அரைத்துப் போடுங்கள்."

மறுக்க வழியில்லை. வைத்தியர் இறங்கி, குட்டி படுத்திருந்த இடத்துக்கு வந்து இலையை அரைத்தார், அதன் காலில் போட்டார். எல்லோரும் பொழுது சாயும்வரை காத்திருந்தார்கள். வீக்கம் இருந்தபடியே இருந்தது.

வழக்கில் ஜெயித்தது மான்தான். ஆனால் தோற்றிருக்கக் கூடாதா என்றுதான் அவள் மனம் கிடந்து தவித்தது.

"இப்போதாவது சொல்லுங்கள் அண்ணே. முயலுக்கு எதனால் குணமானது?"

வைத்தியர் சொன்னார்: "தெரியாது தங்கச்சி. பலித்தது அந்த ஒரு தடவைதான். மறுபடி செய்து பார்த்தால் பெயர் போய்விடுமோ என்று பயந்துவிட்டேன்."

நீதி: ஒருமுறை பலித்ததை ஊருக்குச் சொல்லுமுன் மறுபடி செய்து பார்; பலிக்காததையும் மறைக்காமல் சொல்.