ஒரு குடம் எடு, ஒரு குடம் ஊற்று

"நான் செய்யாதது ஒண்ணும் இல்லம்மா. இருந்தும் சாகுது."

பிலோமினா தலையைத் தூக்கவில்லை.

கொளத்தூரில், தன் வீட்டுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிய சிமெண்டுத் தொட்டிகளுக்கு நடுவே குந்தியிருந்தாள். ஒரு டம்ளரால் மீன்குஞ்சுகளை மொண்டு அடுத்த தொட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருஷமாக வண்ணமீன் வளர்ப்பவள். சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டு மீன்தொட்டியில் என்ன கோளாறு என்றாலும் அவளைத் தேடித்தான் வருவார்கள்.

அன்று வந்தவர் கோதண்டபாணி. தீயணைப்பு நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவளைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். அவர் அதட்டினால் மொத்த நிலையமும் எழுந்து நிற்கும் என்பார்கள். இன்று செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஈரத் தரையில் நின்றார்.

"எத்தனை போச்சு?"

"பதிமூணுல பதினொண்ணு. ரெண்டு ஏஞ்சல் மீன்தான் மிச்சம்."

"தொட்டி புதுசா?"

"நாலு வருஷமாச்சு. இதுவரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. நான் ரிட்டயர் ஆகி, வீட்டோட உக்காந்து கவனிக்க ஆரம்பிச்ச பிறகுதான்..."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நேத்து என்ன பண்ணீங்க?"

நோட்டைப் பிரித்தார். "வாரா வாரம் பண்றதுதான். காலைல ஆறு மணிக்குத் தண்ணி முழுக்க இறக்கினேன். கூழாங்கல்ல எடுத்து வெந்நீர்ல அலசினேன். கண்ணாடியத் தேச்சேன். ஃபில்டர் ஸ்பாஞ்ச குழாயடில வெச்சு, அழுக்கு போற வரைக்கும் பிழிஞ்சேன்."

"போச்சா?"

"புதுசு மாதிரி ஆயிடுச்சு."

பிலோமினா எழுந்தாள். ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஃபில்டரைத் திறந்து, உள்ளிருந்து ஸ்பாஞ்சை எடுத்தாள். சேறு போலப் பழுப்பாக, வழவழவென்று இருந்தது. அதை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"மோந்து பாருங்க சார்."

முகம் சுளித்தபடி மூக்கருகே கொண்டுபோனார். சுளிப்பு கலைந்தது.

"மண்வாசனை."

"இதுல எத்தனை உயிர் இருக்கு?"

"ஒண்ணும் தெரியலியே."

"தொட்டில சேர்ற விஷத்த அதுங்கதான் தின்னு தீர்க்குது. உங்க வீட்டுலயும் நாலு வருஷமா இருந்துச்சு. வாரா வாரம் அத்தனையையும் குழாயடில பிழிஞ்சு சாக்கடைல விட்டுட்டீங்க. மீன மட்டும் எண்ணினீங்க."

கோதண்டபாணி நோட்டை மூடினார்.

"இத எடுத்துட்டுப் போய் உங்க ஃபில்டர்ல போடுங்க. முத நாளே புடிச்சு வெச்ச தண்ணியா இருக்கணும். தினம் ஒரு குடம் எடுங்க, ஒரு குடம் ஊத்துங்க. தீனி ரெண்டு விரல்ல எடுக்கிற அளவு, ஒரே வேளை."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"மருந்து?"

"வேணாம்."

"வேற ஏதாவது..."

"வேற ஏதாவது செஞ்சா, பன்னெண்டாவதோட கணக்க எங்கிட்ட வந்து சொல்லாதீங்க."

*

வீட்டில் சௌந்தரவல்லி கூடத்து நாற்காலியில் இருந்தாள். முழங்கால் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அவளுக்கு அந்த நாற்காலிதான் உலகம். எதிரே மீன்தொட்டி. பதினொரு மீன்களும் அவள் கண் முன்னால்தான் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன.

"என்னங்க சொன்னாங்க?"

"ஒண்ணும் செய்யாதேங்கறாங்க."

"நல்லதாப் போச்சு," என்றாள் அவள். பிறகு, தொட்டியைப் பார்க்காமல் சொன்னாள்: "இன்னும் ஒண்ணு செத்தா யாருக்காவது குடுத்துடுங்க. என்னால எழுந்து அந்தப் பக்கம் போகக்கூட முடியல. பாத்துக்கிட்டேதான் உக்காந்திருக்கணும்."

முப்பத்திரண்டு வருஷம் மணி அடித்த அடுத்த நிமிஷம் வண்டியில் ஏறிய மனிதர். எரிகிற வீட்டுக்குள் போய் ஆட்களைத் தூக்கி வந்தவர். இரண்டு முறை வெறுங்கையோடும் வந்திருக்கிறார். அந்த இரண்டையும் இன்றுவரை மனைவியிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவருக்கு ஒரு குடம் எடுப்பதும் ஒரு குடம் ஊற்றுவதும் பெரிய தண்டனையாக இருந்தது.

முதல் நாள், ஊற்றி முடித்ததும் கை பரபரத்தது. பின்னால் கட்டிக்கொண்டார்.

மூன்றாம் நாள், மருந்து பாட்டிலைக் கையில் எடுத்தார். சௌந்தரவல்லி ஒரு பார்வை பார்த்தாள். வைத்துவிட்டார்.

பத்தாம் நாள், இரண்டு ஏஞ்சலும் உயிரோடு இருந்தன.

*

"சாகலம்மா. ஆனா தண்ணி தெளியல. மங்கலாவே இருக்கு. அதுக்கு ஏதாவது குடுங்க."

பிலோமினா ஒரு கண்ணாடித் தொட்டியைக் காட்டினாள். அதன் முன்னால் ஒரு முக்காலியைப் போட்டாள்.

"பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க."

ஐந்து நிமிஷம் கழித்து அவளைத் தேடி வந்தார். "எட்டு மீன். எல்லாம் நல்லா இருக்கு."

"பாருங்க."

மறுபடி உட்கார்ந்தார். வெயில் கூரைத் தகரத்தில் ஏறியது. தொட்டிகளில் காற்றுக்குமிழ் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் ஆனபோது அவரே எழுந்து வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"ஒண்ணு மத்ததைவிட வேகமா மூச்சு விடுது. ஒண்ணு மரக்கட்டைக்குப் பின்னாடியே ஒளிஞ்சிருக்கு. வாலு கிழிஞ்ச ஒண்ணை, எதுவோ துரத்துது."

"எது?"

"சிவப்புத் தலை இருக்கே, அது."

அவள் அந்தச் சிவப்புத் தலையை வலையால் எடுத்து வேறு தொட்டியில் விட்டாள். அவள் அதை அப்போதுதான் கவனிக்கிறாள் என்பது போல அவருக்குத் தோன்றியது.

"உங்க வீட்டுல தீனி போட்டா எங்க போய் விழுது சார்?"

அவருக்குத் தெரியவில்லை.

"மருந்து கேட்டீங்களே," என்றாள். "எதுக்கு?"

அவர் வீட்டுக்குப் போனார். மனைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டார். மறுநாள் காலையில் உட்கார்ந்தவர் மத்தியானம் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார்.

"என்ன பாக்கறீங்க?"

"தெரியல. பாக்கறேன்."

"அந்தப் பெரிய மரக்கட்டைக்குப் பின்னாடிதான் எல்லாம் போய்ச் சேருது," என்றாள் சௌந்தரவல்லி. "தினமும் பாக்கறேனே. நீங்க போடறதுல பாதி மிதந்து போய் அங்கதான் இறங்கும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க எப்ப நின்னீங்க, சொல்றதுக்கு?"

கட்டையை மெல்ல நகர்த்தினார். அதன் அடியில், கடைசியாகக் கழுவிய நாளிலிருந்து சேர்ந்த தீனி கறுத்து மக்கிக் கிடந்தது. ஒரு ரப்பர் குழாயை விட்டு அந்த இடத்தை மட்டும் உறிஞ்சி எடுத்தார். வேறு எதையும் தொடவில்லை. அந்த ஒரு வேலையை முடிக்க அரை நாள் எடுத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் தண்ணீர் தெளிந்தது. தொட்டியின் பின்சுவரில் ஒட்டியிருந்த படத்தின் சின்ன எழுத்தைக்கூடச் சௌந்தரவல்லி நாற்காலியிலிருந்தே படித்தாள்.

*

"முட்டை போட்டுச்சும்மா. தொட்டிச் செடியோட இலைமேல, முத்து முத்தா. முந்நூறு இருக்கும்."

"சந்தோஷம்."

"மறுநாள் ரெண்டும் சேர்ந்து தின்னுடுச்சு."

பிலோமினா ஆச்சரியப்படவில்லை. "ம்."

"அடுத்த தடவை முட்டைய எடுத்துத் தனியா வெச்சுடட்டுமா? நீங்க எல்லாரும் அப்படித்தானே செய்றீங்க."

அவள் தீனி டப்பாவை மூடி வைத்தாள். "சார், முத முதல்ல நெருப்பணைக்கப் போனீங்களே, அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

கோதண்டபாணி எதிர்பார்க்காத கேள்வி. கொஞ்சம் யோசித்தார். சிரிப்பு வந்தது.

"தாம்பரம் பக்கம் ஒரு வைக்கோல் லாரி. குழாயப் புடிச்சுக்கிட்டு முன்னாடி ஓடினேன். தண்ணிய விடச் சொல்லி கை காட்டணும், மறந்துட்டேன். சும்மா புடிச்சுக்கிட்டே நின்னேன். லாரி மொத்தமும் போச்சு."

"வேலைய விட்டு அனுப்பிட்டாங்களா?"

"இல்லையே."

"உங்க கையிலேர்ந்து குழாய வாங்கிட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப விடுங்க," என்றாள் பிலோமினா. "அதுங்களும் பழகட்டும்."

இரண்டாம் முறையும் தின்றன. மூன்றாம் முறை இரண்டு நாள் காத்துவிட்டுத் தின்றன. ஒவ்வொரு முறையும் கோதண்டபாணி நாற்காலியில் உட்கார்ந்து, கையை மடித்துக்கொண்டு, பார்த்துக்கொண்டிருந்தார். சௌந்தரவல்லிக்கு முட்டையைவிட அவரைப் பார்ப்பதுதான் அதிசயமாக இருந்தது.

நான்காம் முறை, முட்டைகள் பொரிந்தன. இலைமேல் முந்நூறு வால்கள் துடித்தன. கீழே விழுந்ததைத் தாய் வாயால் எடுத்து மறுபடி இலையில் ஒட்டியது. தகப்பன் தொட்டியின் நடுவில் நின்று காவல் காத்தது.

மறுநாள் புயல் வந்தது.

*

காலை ஏழு மணிக்கு மின்சாரம் நின்றது. தெருக்கோடியில் மரம் சாய்ந்து கம்பி அறுந்திருந்தது. ஃபில்டர் ஓசை அடங்கியதும் கூடம் சட்டென்று வெறிச்சோடியது போலிருந்தது.

பிலோமினாவுக்குப் போன் போட்டார். தொடர்பு கிடைக்கவில்லை.

ஒன்பது மணிக்கு ஏஞ்சல் இரண்டும் வாயை வேகமாகத் திறந்து மூடின. தகப்பன் மீன் நீர்மட்டத்துக்கு வந்து போனது. இலையில் குஞ்சுகளின் துடிப்பு குறைந்தது.

கோதண்டபாணியின் உடம்பு முழுக்க மணி அடித்தது. தண்ணீரை மாற்று. மீனை வாளியில் அள்ளு. வண்டி பிடித்துக் கொளத்தூருக்கு ஓடு. அவர் எழுந்து வாளியைக் கையில் எடுத்தார்.

எடுத்தவர் நின்றார்.

வாளியைக் கீழே வைத்துவிட்டு, தொட்டி முன்னால் வந்து பார்த்தார். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம்.

"மூச்சுதான்," என்றார். "மத்ததெல்லாம் நல்லா இருக்கு. மூச்சு மட்டும்தான் வேணும்."

சமையலறையிலிருந்து ஒரு சொம்பு கொண்டுவந்தார். இலைக்கு எதிர் மூலையில் தொட்டித் தண்ணீரையே மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து மெல்லிய தாரையாகத் திரும்ப ஊற்றினார். குமிழ்கள் இறங்கின. மறுபடி மொண்டார். மறுபடி ஊற்றினார். ஃபில்டரைத் திறந்து ஸ்பாஞ்சை எடுத்து, அந்தத் தாரைக்கு அடியிலேயே மிதக்க விட்டார். உள்ளே மூடிக் கிடந்தால் அதிலிருக்கும் உயிர்களுக்கும் மூச்சு முட்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

பத்து மணி. பதினொரு மணி. தோள் இறுகியது.

"நகருங்க," என்றது ஒரு குரல்.

சௌந்தரவல்லி எழுந்து நின்றிருந்தாள். ஊன்றுகோல் ஒரு கையில். மேசையைப் பிடித்து ஆறடி தூரத்தை நடந்தே கடந்திருந்தாள். அவர் கையிலிருந்து சொம்பை வாங்கினாள்.

அவள் நின்று ஊற்றினாள். கால் தளர்ந்தபோது அவர் ஊற்றினார். அவர் தோள் இறங்கியபோது அவள் மறுபடி எழுந்தாள். வெளியே மழை தெருவை அடித்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நினைவு இருவருக்கும் வரவில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்கு மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது. நின்றது. பிறகு சுழலத் தொடங்கியது.

கோதண்டபாணி ஸ்பாஞ்சை ஃபில்டருக்குள் வைத்துச் சுவிட்சைப் போட்டார். தண்ணீர் பாயும் ஓசை வந்தது. இலையில் முந்நூறு வால்களும் ஒரே நேரத்தில் துடித்தன.

"ஒண்ணுகூடப் போகல," என்றாள் சௌந்தரவல்லி. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அவர் சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு, ஈரச் சட்டையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவர் வாழ்க்கையில் எத்தனையோ பேர் அவருக்கு மாலை போட்டிருக்கிறார்கள். இப்போது போல நெஞ்சு நிமிர்ந்ததில்லை.

*

நான்கு நாள் கழித்து, குஞ்சுகளுக்கு வேண்டிய பொடி இரையை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு பிலோமினா அவர் வீட்டுக்கு வந்தாள். முதல் தடவையாக வருகிறாள்.

கூடத்துக்குள் இரண்டடி வைத்தவள் அசையாமல் நின்றாள்.

தாய் முன்னால் நீந்தியது. அதன் பின்னே, ஒரு சிறு மேகம் போல, குஞ்சுகள் மொத்தமும் நீந்தின. தாய் திரும்பினால் மேகம் திரும்பியது. தாய் துடுப்பை ஒருமுறை உதறியது. மேகம் சுருங்கி அதன் வயிற்றுக்கடியில் ஒட்டிக்கொண்டது. ஒரு குஞ்சு வழிதவறி மூலைக்குப் போக, தகப்பன் போய் அதை வாயில் கவ்வி வந்து கூட்டத்தில் துப்பியது.

பிலோமினா பாட்டிலை மேசையில் வைத்தாள். பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

"என்னம்மா, ஏதாவது தப்பா இருக்கா?" என்றார் கோதண்டபாணி.

"லட்சம் ஏஞ்சல் பொரிச்சு வித்திருப்பேன் சார். போட்ட அன்னைக்கே முட்டைய எடுத்துடுவோம். தொழில்ல யாரும் விட்டு வைக்கிறதில்ல. பெத்ததுங்களே வளக்கறத நான் பாத்ததே இல்ல."

கோதண்டபாணி திகைத்துப்போனார்.

"அன்னைக்கு அவ்வளவு உறுதியா விடுங்கன்னு சொன்னீங்களே. வளக்கும்னு தெரிஞ்சுதானே சொன்னீங்க?"

"தெரியாது சார்."

அவர் மேலும் ஏதோ கேட்க வாயெடுத்தார்.

"கொஞ்சம் தள்ளிக்கோங்க," என்றாள் பிலோமினா. "மறைக்குது."