தொடாத குழாய்

மீனவர்களுக்கான வயர்லெஸ் நிலையத்தை நடத்தியவர் லூர்துமேரி. போலீஸ் வயர்லெஸில் ஓய்வு பெற்ற அருணகிரி, தன்னைவிட வயதில் இளைய அவரிடம் ஏரியல் வேலை கற்றுக்கொண்டிருந்தார்.

அன்று புயல் எச்சரிக்கை. லூர்துமேரி மைக்கில் விடாமல் கூப்பிட்டார். கடலிலிருந்து ஒரு படகும் பதில் சொல்லவில்லை. பின்னால் மலையடிவாரத்தில் வயர்லெஸ் வைத்திருந்த ஒருவர் மட்டும், “பிரமாதமாக் கேக்குது” என்றார்.

அருணகிரி மொட்டைமாடிக்கு ஓடினார். ஏரியலுக்குப் பக்கத்தில், கடல் பார்த்த பக்கம், ஓர் இரும்புக் குழாய் நின்றது. கோயில் கொடிக்காக மைக்செட் பெனடிக்ட் முந்தின நாள் நட்டது. படகுக்காரர்களோடு அவருக்குப் போன மாதம்தான் வாய்த்தகராறு.

கீழே வாசலில் படகுக்காரர் வீட்டுப் பெண்கள் கூடியிருந்தார்கள்.

“நான் ஒண்ணும் சொல்லலம்மா” என்றார் அருணகிரி. “பெனடிக்ட் அந்தக் குழாயை ஏன் அங்க நட்டார்னு மட்டும் யோசிச்சுப் பாருங்க.”

அவர் திரும்பி மேலே போனபோது லூர்துமேரி ரம்பத்தோடு நின்றார். குழாய் ஏரியலைவிட ஒரு சாண் நீளம். அதில் ஒரு முழம் அறுத்தார். மறுபடி அதே இடத்தில் நட்டார்.

“இப்பக் கீழ போய்க் கூப்பிடுங்க அண்ணே.”

கூப்பிட்டார். ஒவ்வொரு படகாகப் பதில் சொன்னது. இருட்டுவதற்குள் எல்லாரும் கரையேறினார்கள்.

அருணகிரிக்கு மனம் ஆறவில்லை. மாடிக்குப் போய்க் குழாயை அடி முதல் நுனி வரை தடவிப் பார்த்தார். ஒளித்த கம்பி ஏதும் இல்லை.

“ஏரியலைத் தொடவே இல்லையே டீச்சர். இது எப்படி அலையைத் திருப்பும்?”

“பக்கத்துல நிக்குதே, அது போதும். ஏரியல் அதிர்ந்தா இதுவும் கூட அதிரும். கொஞ்சம் நீளமா இருந்தா அலையை மலைப்பக்கம் தள்ளிவிடும். கொஞ்சம் குட்டையா இருந்தா கடல் பக்கம் கூட்டிட்டுப் போகும்.”

“அப்போ பெனடிக்ட் வேணும்னு செய்யலையா?”

லூர்துமேரி கைப்பிடிச் சுவரோரம் போய்க் கீழே காட்டினார்.

கரையேறியவர்களைப் பார்க்கப் பெனடிக்டும் வந்திருந்தார். அவர் நெருங்க நெருங்கக் கூட்டம் விலகியது. ஒரு கிழவி காறித் துப்பினாள். அவர் ஒன்றும் புரியாமல் நின்றார்.



“நான் அவரை ஒரு வார்த்தை திட்டலையே டீச்சர். அவர் பக்கமே போகலை.”

“குழாயும் தொடலை அண்ணே.”

அருணகிரி படியிறங்கினார்.