மருதாயியின் சுறுசுறுப்பு

ஒரு காலத்தில், குணாளன் என்ற வேன் டிரைவரின் வலது விலாவுக்குக் கீழே மருதாயி என்றொரு கல்லீரல் உயிரணு குடியிருந்தாள். கண்ணுக்கே தெரியாத உருவம். வேலைக்கு மட்டும் குறைச்சலில்லை. ரத்தண்ணன் என்று எல்லோரும் கூப்பிடும் ரத்தம் குடலிலிருந்து சுமந்து வருவதையெல்லாம் உடைத்து, நஞ்சை முறித்து, கழிவை வெளியே தள்ள வேண்டும்.

ஒரு நாள் ரத்தண்ணன் ஒரு போதை மாத்திரையை இறக்கிவிட்டார். மூளை வீட்டுக்கு விருந்துக்குப் போவதாக அது சிரித்துக்கொண்டே சொன்னது. மருதாயிக்கு அதைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. பிடித்து இரண்டாக உடைத்தாள். உடைந்த துண்டு ஒன்று நெருப்பாகச் சுட்டது. கையிருப்பிலிருந்த தணிப்புச் சத்தை ஊற்றி அதை அணைத்தாள்.

மறுநாளும் வந்தது. அப்புறம் தினமும் வந்தது. மருதாயி சளைக்கவில்லை. உடைக்கிற கருவிகளைப் பெருக்கிக்கொண்டாள். குணாளனைக் காப்பாற்றியே தீருவது என்று அவளுக்கு வைராக்கியம். பாவம், நல்ல மனசு. ஆனால் அவள் வேகம் கூடக் கூட மாத்திரைகளும் கூட்டமாக வரத் தொடங்கின.

குணாளன் சோற்றை மறந்தான். தணிப்புச் சத்து வற்றிப்போனது. சுடுகிற துண்டுகள் மருதாயியின் வீட்டுச் சுவரை அரித்தன. உள்ளே அவளுக்குத் தெம்பு தந்து எரிந்த அடுப்புகள் ஒவ்வொன்றாக அவிந்தன. அக்கம்பக்கத்து அணுக்கள் வீங்கி வெடித்துச் செத்தார்கள். அவர்கள் இருந்த இடத்தில் நாரப்பன் என்றொரு அணு வந்து உட்கார்ந்து தழும்பு நாரைப் பின்னினான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஓட்டையை அடைப்பதுதான் அவன் பிழைப்பு. ஆனால் நார் பின்னிய இடத்தில் யாரும் மறுபடி குடியேற முடியாது.

"அண்ணே, அந்த ஆளுகிட்ட சொல்லுங்களேன். எங்க தெருவே காலியாகுது" என்று மருதாயி கெஞ்சினாள்.

வலியை எடுத்துச் சொல்ல ஈரலுக்குள்ளே நரம்பு கிடையாதே என்று ரத்தண்ணன் வருந்தினார். கண்ணில் மஞ்சளாக வேண்டுமானால் காட்டலாம் என்றார். காட்டினார்கள். குணாளன் கண்ணாடியில் பார்த்தான். காலையில் கீழாநெல்லி அரைத்துக் குடித்தான். சாயங்காலம் மாத்திரை போட்டான்.

"எதுக்குண்ணே இத்தனை போடுறான்?"

ரத்தண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "முன்ன மாதிரி ஏறலேன்னு புலம்புறான், தாயி. நீ சீக்கிரமா உடைச்சிடுறேல்ல, அதான் கூடக் கூடப் போடுறான்."

மருதாயிக்கு அப்போதுதான் புரிந்தது. காவல் காத்ததாக நினைத்தாளே, அந்தக் காவலே அவனை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. இனி உடைத்தால் இன்னும் போடுவான். உடைக்காவிட்டால் இத்தனையும் முழுசாக மேலே போய்விடும். வேறு வழி தெரியாமல் அழுதுகொண்டே உடைத்தாள். கடைசி அடுப்பும் அவிந்த அன்று அவள் கை நின்றுபோனது.

அன்றைக்கும் குணாளன் வழக்கமாகப் போடுகிற அளவுதான் போட்டான். தடுக்க ஆளில்லாமல் அத்தனையும் மூளை வீட்டுக்குள் புகுந்தன. சாகக் கிடந்த மருதாயியிடம் ரத்தண்ணன் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"இன்னைக்குத்தான் பழையபடி ஏறுதுன்னு சிரிக்கிறான், தாயி."

சொல்லிவிட்டு மெல்ல நகர்ந்தார். அதன் பிறகு அவர் வரவில்லை.