வேலை பூஜ்யம்

குருவுக்குத் தாடி இருந்துதான் ஆக வேண்டுமா என்ன? இந்தக் கதையில் குருவுக்கு வயது இருபத்தெட்டு. பெயர் ஜெனோவா. கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர். சிஷ்யைக்கு வயது நாற்பத்தொன்று. பெயர் செண்பகவல்லி. ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறவள். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது.

பிளஸ் டூ இல்லாதவர்களையும் நுழைவுத் தேர்வு வைத்து இயற்பியல் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகம் ஒன்று இருந்தது. அதற்காகத்தான் செண்பகவல்லி கடை லீவு நாளிலெல்லாம் ஜெனோவா வீட்டுக்கு வந்து படித்தாள். சைன், காஸ் என்று அவள் மல்லுக்கட்டியதைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். எனக்குத் தோன்றியது.

தேர்வுக்கு முந்தைய வாரம் வந்தவள் உட்காரவில்லை.

"மிஸ், நான் பரீட்சை எழுதல. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"என்னாச்சுக்கா?"

"நீங்க குடுத்த கணக்குதான். சேலைக் கட்டைக் கையில ஏந்திக்கிட்டு ஒரு பொம்பள அசையாம நிக்கிறா. செஞ்ச வேலை எவ்வளவு?"

இயற்பியலில் வேலை என்றால் விசையைப் பொருள் நகர்ந்த தூரத்தால் பெருக்க வேண்டும். செண்பகவல்லி தூரம் இருக்க வேண்டிய இடத்தில் எட்டு மணி நேரத்தைப் போட்டுப் பெருக்கியிருந்தாள்.

"பின்பக்கம் பாத்தா விடை பூஜ்யமாம்! கால் வீங்க நிக்கிறவ செஞ்ச வேலை பூஜ்யமா? ராத்திரி முழுக்க ஆத்திரம் தாங்கல மிஸ். காலையில யோசிச்சேன். பிளஸ் டூ படிச்ச பிள்ளைங்களுக்கு இது சட்டுனு புரியும். எனக்குக் கோவந்தான் வருது. அடியில ரெண்டு வருஷம் இல்லாம மேல கட்டுனா இடிஞ்சு விழுந்துரும்."

ஜெனோவா எழுந்தார். அலமாரியிலிருந்து தடித்தடியாக நாலைந்து புத்தகங்களை எடுத்தார். கைகளை முன்னால் நீட்டி அவற்றை ஏந்திக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரத்தில் கை நடுங்கியது. நெற்றி வேர்த்தது.

"கீழ வைங்க மிஸ்."

அவர் வைக்கவில்லை. பொறுக்கமாட்டாமல் செண்பகவல்லியே போய் வாங்கி மேசையில் வைத்தாள்.

"நான் எவ்வளவு வேலை செஞ்சேன்க்கா?"

"புத்தகம் நகரவே இல்லயே. பூஜ்யம்."

"அப்ப இந்த வேர்வை?"

செண்பகவல்லி அவருடைய தோளையே பார்த்தாள்.

"புத்தகத்துக்குத்தான் பூஜ்யம். உங்க கைக்குள்ள என்னமோ நகருது மிஸ். இல்லன்னா ஏன் நடுங்கணும்? என்ன நகருதுன்னுதான் தெரியல."

"அது பட்டப்படிப்புல வரும்" என்றார் ஜெனோவா. "என் வகுப்புல எல்லாரும் பூஜ்யம்னுதான் எழுதுறாங்க. நானும் மார்க் போடுறேன். ஒருத்தரும் என்கிட்ட சண்டைக்கு வந்ததில்ல."

"அவங்களுக்குப் புரிஞ்சிருக்கும் மிஸ். எனக்குத்தான் ரெண்டு வருஷப் பாடம் இல்லயே."

ஜெனோவா நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த ரெண்டு வருஷப் பாடத்தை நான் சொல்லித் தந்துருவேன்க்கா. இந்தக் கோவத்தைத்தான் இதுவரைக்கும் என்னால யாருக்கும் சொல்லித்தர முடிஞ்சதில்ல."