வாசலில் விட்ட சொல்

குருவிக்கல் மலையில் இருந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மற்ற இடங்களில் தங்க வருகிறவர்கள் உப்பை விடுவார்கள், புலாலை விடுவார்கள். இங்கே ஒரு சொல்லை விட வேண்டும். எந்தச் சொல் என்பதை மடத்தின் தலைவி செங்கமலத்தம்மை முடிவு செய்வார். நாற்பத்தெட்டு நாள் அந்தச் சொல் வாயில் வரக் கூடாது. தவறி வந்துவிட்டால் எண்ணிக்கை மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும்.

ஓர் ஆனி மாதம் தாண்டவராயர் என்பவர் தம் மனைவி முத்துவடிவோடு மலையேறி வந்தார். அவருக்கு ஐம்பது வயது. செங்கமலத்தம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் தாண்டவராயர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கினார். விழும்போது மனைவியும் சேர்ந்து சாய்ந்தாள். அவள் கையை ஒரு துண்டால் தம் இடுப்போடு கட்டியிருந்தார்.

"என்ன வேணும்?" என்று கேட்டார் அம்மை.

"துறவு வேணும் அம்மா. வேட்டிக்கு நானே காவிச் சாயம் போட்டுக் கொண்டாந்துட்டேன்."

"ஏற்பாடு பலமாத்தான் இருக்கு. இவங்க யாரு?"

"எம் பொண்டாட்டி. கோட்டிக்காரி."

எங்கள் பக்கத்தில் பைத்தியத்தைக் கோட்டி என்போம். சின்னச் சொல்தான். அதைச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்பதில்லை. அம்மை கேட்டார்.

"என்ன செய்வாங்க?"

"புள்ள போன நாள்லேருந்து வாயத் திறக்கல. நாலு வருசமாச்சு. ஊர்ல ஒரு வீட்டுலயும் தண்ணி இருக்க விடமாட்டா. உள்ள போயி அண்டாவக் கவுத்துருவா, வாளியக் கவுத்துருவா. ஒரு மைலு நடந்து சுமந்த தண்ணி அம்மா. அடிக்க வாராங்க. அதான் கட்டி வச்சிருக்கேன். இவள இங்க ஒரு மூலையில விட்டுட்டு, நான் காசிப் பக்கம் போயிரலாம்னு..."

"ஒரு மண்டலம் இரும். அப்புறம் உம்ம இஷ்டம்."

தாண்டவராயர் நாலு ஏடு படித்தவர். "'நான்'ங்கிற சொல்லத்தான விடணும்? விட்டுருதேன் அம்மா," என்றார்.

"அது பெரியவங்க விடுத சொல்லு. நீரு கோட்டிய விடும். துண்டையும் அவுத்துரும். தினம் சாயங்காலம் வந்து, அன்னைக்கு இவங்க என்ன செஞ்சாங்கன்னு எனக்குச் சொல்லணும். அவ்வளவுதான்."

இவ்வளவுதானா என்று அவருக்குச் சப்பென்று போய்விட்டது.

முதல் நாள் சாயங்காலம் அம்மை கேட்டார்: "இன்னைக்கு என்ன செஞ்சாங்க?"

"அவ என்ன செய்வா, கோட்டிக்காரி..."

"நாளைக்கு ஒண்ணாம் நாள்."

இரண்டு நாள் கழித்து மறுபடி வாய் தவறியது. மறுபடி ஒன்று. அதன்பின் அவர் எச்சரிக்கையானார். ஆனால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் மனைவியைப் பற்றிச் சொல்ல அவரிடம் வேறு எதுவும் இல்லை. ஒரு வாரம் அம்மைக்கு எதிரே பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். வெட்கமாக இருந்தது.

எட்டாம் நாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சோத்துல கல்லு கிடந்தாத் துப்ப மாட்டேங்கா அம்மா. விரலால எடுத்து இலை ஓரத்துல வைக்கா."

"ம்."

"கிணத்துல தண்ணி எறச்சா. மடத்துப் பானை எல்லாம் அவளேதான் நெறச்சா. ஒண்ணையும் கவுக்கல."

"ம்."

"என் காவி வேட்டியத் துவைச்சா. எல்லாரு துணியையும் வெயில்ல காயப்போட்டா. என்னத மட்டும் நிழல்ல போட்டா."

"ஏன்?"

"சாயம் வெளிறிரும்லா?" என்று சொன்னவர், அப்படியே நிறுத்திக்கொண்டார். தம்மை அவளிடமிருந்து பிரித்துக் கொண்டுபோகப் போகிற துணி அது. அதற்குத்தான் அவள் நிழல் தேடியிருக்கிறாள்.

"இதுக்கு முன்னாலயும் இப்படித்தான் செய்வாங்களா?"

"தெரியல அம்மா. நான் பாத்ததில்ல."

இருபத்திரண்டாம் நாள் ஆடி அமாவாசை. விடியும்போதே கீழேயிருந்து சனங்கள் வர ஆரம்பித்தார்கள். பிள்ளைகுட்டிகளோடு முந்நூறு பேருக்குக் குறையாது. அவர்கள் குடிக்க மடத்து ஆட்கள் வழி நெடுகவும் முற்றத்திலும் அண்டாவும் வாளியுமாகத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள்.

தாண்டவராயர் விறகு சுமந்து வந்தபோது முற்றத்தில் சத்தம் கேட்டது. முத்துவடிவு ஒரு வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து ஓர் அண்டா.

"ஏ கோட்டிக்காரி! குடிக்கத் தண்ணியக் கொட்டுதியே, அறிவில்ல?" என்று ஒருவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

நாலு வருடப் பழக்கம். தாண்டவராயர் தோளிலிருந்த துண்டை உருவிவிட்டார், அவள் கையைக் கட்ட. கூடவே அந்தச் சொல் தொண்டை வரை வந்தது. விழுங்கினார். சொல் உள்ளே போனதும் கையும் அந்தரத்தில் நின்றுவிட்டது. என்னவென்று சொல்லி அவளைக் கட்டுவது?

"என் வீட்டுக்காரிதான். கொஞ்சம் பொறும்," என்றார் ஓங்கின கையைப் பிடித்துக்கொண்டு. "நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

பார்த்தார்.

அவள் எல்லாவற்றையும் கவிழ்க்கவில்லை. தரையில் இருந்ததைக் கவிழ்த்தாள். கல் மேடைமேல் இருந்த பெரிய பானைகளைத் தொடவில்லை. ஒவ்வோர் அண்டாவின் பக்கத்திலும் நின்று, அதன் விளிம்பு தன் முழங்காலுக்கு மேலா கீழா என்று குனிந்து பார்த்தாள். கீழே என்றால் கவிழ்த்தாள். தாகமாக வந்த ஒரு சிறுமிக்கு மேடைப் பானையிலிருந்து மொண்டு தானே புகட்டினாள். வாயைத் துடைத்துவிட்டு அடுத்த வாளிக்குப் போனாள்.



மடத்தில் இத்தனை நாளும் குழந்தை ஒன்றுகூட இல்லை. அவளும் ஒரு பானையையும் கவிழ்க்கவில்லை.

அவர்களுடைய குழந்தை, கல்யாணமாகிப் பதினைந்து வருடம் கழித்துப் பிறந்த பெண். ஒன்றரை வயதில் தவழ்ந்தும் நடந்தும் போய் மாட்டுத் தொட்டிக்குள் விழுந்தது. முழங்கால் உயரத் தொட்டி. அன்று காலையில் அதைத் தளும்பத் தளும்ப நிரப்பிவிட்டுச் சந்தைக்குப் போனவர் தாண்டவராயர்தான். அவள் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. யாருடைய தண்ணீர் என்று பார்க்காமல், ஊரில் இருந்த அத்தனை குழந்தைக்காகவும் அடி வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறாள். அவர் கட்டி வைத்திருக்கிறார்.

முற்றம் முடிந்து அவள் மேலே ஏறினாள். அவர் பின்னாலேயே போனார். மேலே பாறையில் சுனை இருந்தது. நீளமும் அகலமுமாக, கரையோடு கரையாக நிறைந்து கிடந்தது. அதை யாரால் கவிழ்க்க முடியும்? அவள் ஒரு கணம் அதைப் பார்த்தாள். பிறகு சுனைக்கு இறங்குகிற ஒரே படியில் குறுக்கே உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

பெரியவர்கள் வந்தால் காலை மடக்கி வழி விட்டாள். குழந்தை வந்தால் மடக்கவில்லை. வெயில் ஏறியது. பாறை கொதித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. அத்தனை பெரிய மலையும் அத்தனை தண்ணீரும் அவளுடைய இரண்டு கால்களுக்கு அந்தப் பக்கம் அடங்கி நிற்பதுபோல் தாண்டவராயருக்குத் தோன்றியது. இருபது வருடம் கூட இருந்தவளை அன்றுதான் பார்க்கிறோம் என்று நினைத்தார். கை தானாகக் குவிந்தது. அப்படியே வெகுநேரம் நின்றார்.

பொழுது சாய்ந்தபோது கீழே ஓடினார். அம்மை பந்தியில் சோறு பரிமாறிக்கொண்டிருந்தார். பந்தி என்றும் பார்க்காமல் காலில் விழுந்தார்.

"அம்மா! அவ தெய்வம்மா! நாலு வருசமா ஒரு தெய்வத்தக் கட்டிப் போட்டிருந்தேன். எனக்குக் காசியும் வேண்டாம், துறவும் வேண்டாம். அவ காலடியிலயே கிடந்து கும்பிட்டுக்கிட்டு..."

அம்மை ஓர் இலையை நறுக்கி, அதில் சோற்றை வைத்து அவர் கையில் கொடுத்தார்.

"கோட்டின்னு சொன்னா, பசிக்குதான்னு யாரும் கேக்க மாட்டாங்க. தெய்வம்னு சொன்னாலும் கேக்க மாட்டாங்க. அந்த முத்துவடிவு காலையிலேருந்து வெயில்ல உக்காந்திருக்கா. போயிக் கேளும்."