சக்கரம் அறியாத வெற்றி

பவானிப் பக்கத்து ஊர் ஒன்றில் நாச்சிமுத்து என்பவருக்கு ஒரு பழைய டீசல் டிராக்டர் இருந்தது. சமவெளியில் சிங்கம். மேடு கண்டால் இருமல்.

அந்த ஊர்க் கரும்பு, வாய்க்கால் கரை மேட்டில் ஏறித்தான் ரோட்டுக்குப் போக வேண்டும். மேலே போய்ச் சேர்ந்தவர் வண்டியை அணைத்துவிட்டு, கீழே நிற்பவர்களைப் பார்த்து ஓங்கி ஒரு குரல் கொடுப்பார். அந்தக் குரல் கேட்டால்தான் அடுத்த வண்டி கிளம்பும். அதுதான் அங்கே வழக்கம்.

போன வருசம் நாச்சிமுத்துவின் வண்டி பாதி மேட்டில் நின்றுபோனது. மாரப்பன் தன் புது வண்டியில் சங்கிலி கோத்து இழுத்துவிட்டான். மேலே போய்க் குரலையும் அவனே கொடுத்தான். ஊரே சிரித்தது.

"இந்த வருசம் ஏறலீன்னா காயலான் கடைக்கே போட்டர்றேன்" என்று மனைவி பாவாயியிடம் சொல்லிவிட்டார் நாச்சிமுத்து. அவளும் மறக்கிற ஆளில்லை.

டீசல் பம்பு பட்டறை தவமணியிடம் போனார். இவர் வயதில் பாதிதான் இருப்பாள்.

"டர்போ மாட்டக் கத்துக்குடு அம்மணி."

"மாட்டிக் குடுக்கறதா, கத்துக் குடுக்கறதா?"

"கத்துக்கறேன்."

"அப்ப உங்க வாசல்லயே, உங்க கையாலயே மாட்டுங்ணா. நான் ஸ்பேனரைத் தொட மாட்டேன்."

சொன்னபடி வந்தாள். வாசலில் ஒரு டிரம்மைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். நாச்சிமுத்து புகைக்குழாயைக் கழற்றினார். டர்போவின் வேலை இதுதான்: வீணாகப் போகிற புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். அதே தண்டின் மறுமுனைச் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ள வேண்டும். கேட்கச் சுலபமாக இருந்தது. முழங்கை இரண்டிலும் தோல் போனது.

வழியில் போன மாரப்பன் வண்டியை நிறுத்தினான்.

"ஏனுங் மாமா, மூக்குல பஞ்சு வெக்கிற வயசுல இதுக்கு மூச்சுக்குழாய் வெக்கிறீங்களாக்கும்?"

"பஞ்சு மிச்சமிருந்தா உன் காதுக்கு வெச்சுக்க, மாப்பிள்ளை. நான் குரல் குடுக்கறப்ப தேவைப்படும்."

தவமணி சிரிக்கவில்லை. நாச்சிமுத்து அவள் பக்கம் திரும்பினார்.

"பம்புல டீசலையும் நல்லாத் திறந்து விட்டுட்டா என்ன?"

"மூச்சு முட்டறவன் வாயில சோத்தைத் திணிப்பீங்களாங்ணா?"

அவர் பம்பின் திருகாணியைத் தொடவில்லை.

டர்போவுக்கு எண்ணெய் போகும் குழாயை முடுக்கும்போது கேட்டார். "இந்த எண்ணெய் எங்கிருந்து வருது?"

"இன்ஜின் ஓடுனா வரும். நின்னா நின்னுரும்."

எழுந்து வந்து சக்கரத்தை விரலால் ஒரு சுண்டு சுண்டினாள். விரலை எடுத்துக்கொண்டாள். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"நான் விட்டுட்டேன், அது நிக்குதுங்களா பாருங்க" என்றாள். மறுபடி டிரம்மில் போய் உட்கார்ந்தாள்.

எல்லாம் மாட்டி முடித்த அன்று நாச்சிமுத்து கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"நான் மறக்கவே கூடாதது எது, அம்மணி?"

தவமணி பைக்குள்ளிருந்து ஒரு தண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். வேறு யாரோ ஒருவரின் டர்போவிலிருந்து கழற்றியது. தீய்ந்து கறுத்து, வரிவரியாகத் தேய்ந்திருந்தது.

"இது மேடு ஏறாமக் கெட்டதா, ஏறிக் கெட்டதா?"

"ஏறாமத்தான். முக்கி முக்கித் தீஞ்சிருக்கும்."

"வெச்சிருங்க. அப்புறம் கேக்கறேன்."

கரும்பு வெட்டு வந்தது. பாரத்தைக் குறைக்கச் சொன்னார்கள். நாச்சிமுத்து மறுத்தார். கரையடியில் ஊர் கூடியிருந்தது. மாரப்பன் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். பாவாயி கையில் ஒரு சாமந்தி மாலை. சாமிக்கா வண்டிக்கா என்று கேட்டவர்களுக்கு மேட்டைக் கை காட்டினாள்.

தவமணி மட்கார்டில் ஏறி உட்கார்ந்தாள்.

வண்டி மேட்டில் மூக்கை வைத்தது. போன வருசம் நின்ற இடம் வந்தது. பின்சக்கரம் மண்ணைக் கவ்வியது. இன்ஜினின் குரல் தணிந்தது. நாச்சிமுத்து மூச்சை அடக்கிக்கொண்டார். அப்போது உள்ளேயிருந்து மெல்லிய சீழ்க்கை ஒன்று கிளம்பியது, உயர்ந்தது, வண்டி நெஞ்சை நிமிர்த்தியது. நின்ற இடம் பின்னால் போனது. கரை வந்தது. ரோடு வந்தது. பாரம் முழுசாக மேலே வந்து நின்றது.

கீழே ஒரே கூச்சல். துண்டுகள் பறந்தன. மாரப்பனே சங்கிலியைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினான்.

ஒரு வருசமாகத் தொண்டையில் காத்திருந்த குரல். நாச்சிமுத்துவின் கை இன்ஜினை அணைக்கும் கம்பிக்குப் போனது.

அந்தக் கையின் மேல் தவமணி தன் கையை வைத்தாள்.

"ஏன் அம்மணி? ஏறியாச்சே!"

"அந்தத் தண்டை எடுங்க."

சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

"ஏறாமக் கெட்டதா, ஏறிக் கெட்டதா?"

அவர் தண்டைப் பார்த்தார். தன் கை போய் நின்ற கம்பியைப் பார்த்தார். அணைத்தால் எண்ணெய் நின்றுவிடும்; டர்போவின் சக்கரம் நிற்காது, தண்டு தீய்ந்துவிடும். கம்பியை விட்டுவிட்டு, கையை மெல்ல மடிமேல் வைத்துக்கொண்டார். தொண்டைக்கு வந்த குரலை விழுங்கினார். இன்ஜின் மெதுவாகத் துடித்துக்கொண்டிருந்தது. அவர் முகம் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தது.

பாவாயி மூச்சிரைக்க மேட்டில் ஓடி வந்தாள். மாலையைத் தூக்கிப் பிடித்தாள்.

"வண்டிய நிறுத்தச் சொல்லு தவமணி! அதான் ஜெயிச்சாச்சே, மாலை போடோணும்!"

"கொஞ்சம் கையிலயே வெச்சிருங்கக்கா" என்றாள் தவமணி. "அண்ணன் ஏறிட்டாரு. சக்கரம் இன்னும் ஏறிட்டிருக்குது."